ஐந்தாவது சீட்டின் இடம்

தவசிலிங்கம் செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரர் மூங்கிலைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள் சாயந்திரம், அவர் மனைவி பாக்கியத்தாய் பழக்கதோஷத்தில் விளையாட்டுச் சீட்டுக்கட்டை எடுத்துக் குலுக்கி, தனக்கு ஐந்து, எதிரே இல்லாத ஆளுக்கு ஐந்து என்று போட்டுவிட்டுத் தன் கையைப் பிரித்துப் பார்த்தபோது, ஐந்தாவது சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். கட்டிங் மெஷினுக்கு முன்னால், அதே மர ஸ்டூலில், அதே காக்கிச் சட்டையில், காதில் பென்சிலோடு. அவளைப் பார்த்ததும் பென்சிலை எடுத்து இன்னொரு காதில் செருகிக்கொண்டார்.

அவள் அலறவில்லை. “வந்துட்டீகளா” என்று மட்டும் கேட்டாள். பிறகு உலை கொதிப்பது நினைவுக்கு வந்து, அந்தச் சீட்டை மற்ற நான்கோடு சேர்த்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போய் அரிசியைக் களைந்து போட்டாள். ஒரு ஆழாக்கு கூடுதலாகவே போட்டுவிட்டதாகப் பின்னால் அவளே எங்களிடம் சொன்னாள்.

எங்களுக்கும் அது பெரிய அதிர்ச்சியாக இல்லை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். சிவகாசியில் பைண்டர் சந்து என்பது மொத்தம் இருபத்துமூன்று வீடு, இருபத்துமூன்றும் காகிதத்தில் சோறு தின்கிற வீடு. மை கலக்குகிறவர், தாள் மடிக்கிறவர், பசை காய்ச்சுகிறவர், அட்டை எண்ணி அடுக்குகிறவர் என்று யாரைத் தொட்டாலும் அச்சாபீஸ்தான். முப்பத்திரண்டு தேதி அடித்த காலண்டரை வைத்துக்கொண்டு அந்த முப்பத்திரண்டாம் தேதியும் வேலைக்குப் போய்வந்தவர்கள் நாங்கள். தவசிலிங்கமோ அந்தச் சீட்டுகளை வெட்டிக்கொண்டிருந்தபோதே, ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணி டீ வருவதற்கு முன்னால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெஷின் மேலேயே சாய்ந்தவர். போன ஆள் போகிற வழியில் ஒரு தாளில் இறங்கியிருக்கிறார், அவ்வளவுதானே என்றுதான் எங்களுக்குப் பட்டது.

அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதற்கு ஏழு மதில் என்று பெயர். ஆளுக்கு நாற்பது சீட்டு உள்ள ஒரு கட்டு, ஆளுக்கு ஏழு மதில். கையில் எப்போதும் ஐந்து சீட்டு இருக்கும். ஒன்றை இறக்கினால் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து மறுபடி ஐந்தாக்கிக்கொள்ள வேண்டும். எதிராளியின் ஏழு மதிலையும் முதலில் இடிக்கிறவர் ஜெயித்தவர். சீட்டுகள் பெட்டிக்கடையில் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்கும், யாருக்கு எது வருமென்று தெரியாது. வருவதெல்லாம் பெரும்பாலும் சாதாச் சீட்டு, எங்காவது நூறு பாக்கெட்டில் ஒன்றில் தங்க ஓரம் போட்ட சீட்டு. தங்க ஓரத்துக்குத்தான் பலம், தங்க ஓரத்துக்குத்தான் வெளியே விலை. ஒரு நல்ல தங்க ஓரச் சீட்டை விலைக்கு வாங்க எங்கள் சந்தில் ஒரு ஆளின் மாசச் சம்பளம் வேண்டும். தவசிலிங்கம் தங்க ஓரத்தை ஆயிரக்கணக்கில் தன் கையால் வெட்டினார், ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

பிள்ளை இல்லாத வீடு அது. பன்னிரண்டு வருஷமாகச் சாப்பிட்டு முடித்ததும் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு கட்டு எடுத்து எதிரெதிரே உட்கார்ந்துவிடுவார்கள். அவளுடைய சீட்டுக்கட்டில் பலத்தைப் பார்த்துச் சேர்த்தது ஒன்றுமில்லை. கல்யாணமான புதிதில் அவளைச் சிரிக்கவைத்த தூங்கும் யானை இருந்தது. இறக்கினால் மூன்று கை கழித்துத்தான் எழுந்திருக்கும், அதற்குள் ஆட்டமே முடிந்துவிடும். அவள் அப்பா முகச்சாயலில் ஒரு பஞ்சாங்கக்காரர் இருந்தார். ஒன்றுக்கும் உதவாத மழைக்கழுதை இருந்தது, அதன் கண் அழகாக இருக்கிறது என்பதற்காக. தோற்றுத்தோற்றுச் சந்தோஷமாக இருந்த கட்டு.

சீட்டின் அடியில் விதி அச்சிடுகிற சின்னக் கட்டம் ஒன்று உண்டு. தவசிலிங்கத்தின் சீட்டில் அந்தக் கட்டத்தில் இப்படி இருந்தது: ‘பலம் 0. இந்தச் சீட்டு கையில் வந்தால் இறக்க முடியாது. ஆட்டம் முடியும்வரை கையிலேயே இருக்கும்.’ 

அவருக்குக் குரல் இல்லை. சொல்ல வேண்டியதை அந்தக் கட்டத்தில்தான் சொன்னார், அதுவும் விதி எழுதுகிற பாஷையில். ‘சோறு ஆறுவதற்குள் சாப்பிட்டால் இந்தச் சீட்டுக்கு மகிழ்ச்சி.’ ‘சர்க்கரை மாத்திரை போடாமல் படுத்தால் ஒரு மதில் விழும்.’ உயிரோடு இருந்தபோது ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாத மனுஷன், செத்தபிறகு இவ்வளவு பேசுகிறாரே என்று பாக்கியத்தாய் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

நாங்கள் எல்லாரும் போய்ப் பார்த்தோம். முதல் வாரம் வெறுங்கையோடு போகக் கூடாது என்று பழம் வாங்கிக்கொண்டு போனோம், இரண்டாவது வாரம் சும்மா போனோம், மூன்றாவது வாரம் ‘அண்ணாச்சி, எங்க வீட்டு மிக்ஸி பிளேடு சுத்த மாட்டேங்குது’ என்று கேட்கப் போனோம், அவரும் கட்டத்தில் பதில் எழுதினார். விதவைப் பென்ஷனுக்கு எழுதிப்போட்ட மனுவை விசாரிக்க வந்த அலுவலர் சீட்டை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, குறிப்பு என்ற இடத்தில் ‘அசைகிறார்’ என்று எழுதிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்த மனு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

பூ விஷயத்தில்தான் சந்து இரண்டு பட்டது. பதினாறாம் நாள் எடுத்த பூவை அவள் மறுபடி வைக்கலாமா கூடாதா என்று இரண்டு நாள் பேசினார்கள். புருஷன் கண் முன்னால் அசைகிறாரே, வைத்தால் என்ன என்றது ஒரு கட்சி. எரித்த சாம்பலைக் கரைத்துவிட்டு வந்தபிறகு என்ன பூ என்றது இன்னொரு கட்சி. கடைசியில், அவர் சீட்டுக்கட்டில் இருக்கிறவரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் கல்யாண வீட்டில் முன்வரிசைக்கு வர வேண்டாம் என்று ஒரு நடுவாந்திரத் தீர்ப்பைச் சொல்லிக் கலைந்தார்கள். எங்களுடைய பெரிய மனசு அவ்வளவுதான். பாக்கியத்தாய் யாரையும் கேட்காமல் அதற்கு முந்தின நாளே ஒரு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

‘சீட்டுக்கட்டில் இருக்கிறவரை’ என்று அவர்கள் சொன்னதற்குக் காரணம் உண்டு. தவசிலிங்கத்தின் தங்கை செல்வக்கனி இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள், அண்ணன் மேல் உயிரை வைத்திருந்தவள். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை அவள் வந்து, “மதினி, எங்கண்ணனப் போயி யானை கழுதையோட போட்டுக் குலுக்குறீகளே, சாமி அலமாரியில வச்சு வெளக்கேத்துங்க” என்று சொல்லி, தானே எடுத்து வைத்து, பொட்டு வைத்து, சின்னதாக ஒரு மாலையும் சாத்திவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் பார்த்தால் அவருக்குக் கீழே இருந்த ஸ்டூலைக் காணோம். அவர் நின்றுகொண்டிருந்தார். ஸ்டூல் இருந்த இடம் வெறும் வெள்ளைத் தாள். கட்டத்தில், ‘கட்டை விட்டுப் பிரித்தால் இந்தச் சீட்டின் மை போகும்’ என்று இருந்தது. பாக்கியத்தாய் அவசரமாக எடுத்துக் கட்டுக்குள் செருகினாள், ஸ்டூல் திரும்ப வரவில்லை. அதற்கப்புறம் அந்த மனுஷன் நின்றபடியே இருந்தார். செல்வக்கனி அதைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அவருக்கு ஒரு ஆசை இருந்தது, அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். மதுரையில் வருஷத்துக்கு ஒருமுறை ஏழு மதில் போட்டி நடக்கும், கோயம்புத்தூர், சென்னை என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள், எல்லாரும் தங்க ஓரக் கட்டு. தங்க ஓரம் ஒன்றுகூட இல்லாத கட்டு அங்கே ஜெயிக்க வேண்டும், ஒரே ஒரு தடவை ஜெயித்தால் போதும் என்பார் தவசிலிங்கம். அவர் வெட்டிப் பாக்கெட்டில் போட்ட சாதாச் சீட்டுகளைத்தான் ஊரெல்லாம் குப்பையில் போடுகிறார்கள் என்ற வருத்தம் அவருக்கு. ஆஸ்பத்திரியில் அவர் சட்டையைக் கழற்றிக் கொடுத்தபோது பையில் ஒரு கழிவுத்தாள் இருந்தது. பென்சிலில் நம்பர் போட்டு எழுதிய பட்டியல்: எல்லாம் சாதாச் சீட்டு, எல்லாம் பெட்டிக்கடையில் கிடைப்பது. முப்பத்தொன்பது வரை எழுதியிருந்தார். நாற்பதாவது நம்பருக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

பாக்கியத்தாய் அதை அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தாள். அவள் எழுதப்படிக்கத் தெரிந்த பெண்தான், ஆனாலும் நாற்பதுக்கு எதிரே எழுத வேண்டியதை எழுதாமல், ஆள் இருக்காக என்று மட்டும் சொன்னாள். ஆடி மாசம் நடக்கிற போட்டிக்குப் பெயர் கொடுத்தாள்.

ஆசைக்காகச் சேர்த்த கட்டை ஜெயிக்கிற கட்டாக மாற்றுவது வீட்டைக் காலி செய்கிற மாதிரி வேலை. ஒவ்வொரு சாயந்திரமும் ஒரு சீட்டை எடுத்து வெளியே வைத்துவிட்டு, பட்டியலில் இருந்து ஒரு சீட்டைத் தேடிப் பிடித்து உள்ளே வைக்க வேண்டும். பட்டியலின் சூட்சுமம் தேனீயில் இருந்தது. தேனீ பலம் ஒன்று உள்ள சீட்டு, யாரும் மதிக்காதது. ஆனால் மூன்று தேனீ சேர்ந்து களத்தில் இருந்தால் ஒவ்வொரு கைக்கும் ஒரு மதிலைத் துளைத்துவிடும். எதிராளி தேனீக்களை அடித்துக் கொன்றால் மண்பானை என்று ஒரு சாதாச் சீட்டு உண்டு, அதை இறக்கினால் செத்த தேனீயெல்லாம் திரும்ப வந்துவிடும். யானை விலைக்குத் தங்க ஓரச் சிங்கத்தை வாங்க வேண்டியதில்லை, தேனீயும் பானையும் போதும் என்பது தவசிலிங்கத்தின் கணக்கு.

சந்து முழுக்கக் கூடிவிட்டது. அந்தச் சீட்டுகளை எண்ணி அடுக்கிப் பாக்கெட்டில் போடுகிற பெண்கள் நாங்கள், ஒரு சீட்டின் கனத்தை வைத்தே நம்பர் சொல்லுவோம், ஆனால் விதிக் கட்டத்தை ஒருநாளும் வாசித்ததில்லை. “தேனீ இருபத்தேழாம் நம்பருல்ல? என் கை வழியா லச்சம் போயிருக்கும், அதுக்குள்ள இம்புட்டு வெசமான்னு தெரியாமப் போச்சே” என்று எதிர்வீட்டு ஆனந்தவல்லி வாயில் கை வைத்தாள். பாக்கெட் பிரித்து ஆடும் வீடுகளில் எல்லாம் தேனீயைத் தேடினோம். ஒரு தேனீக்கு மாற்றாக இரண்டு கரடிச் சீட்டு, ஒரு பானைக்கு ஒரு தூக்குவாளி இட்லி மாவு. கட்டுக்கு என்று நூறு ரூபாய்கூடச் செலவாகவில்லை.

வெளியே போன சீட்டுகளைத்தான் பார்க்க முடியவில்லை. பஞ்சாங்கக்காரரை எடுத்த அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மழைக்கழுதையை எடுத்த அன்றைக்குக் கட்டத்தில், ‘கண் அழகு ஆட்டத்தில் சேராது’ என்று அவர் எழுதியதைப் பார்த்து, “நீங்கதான சொன்னீக அழகா இருக்குன்னு” என்று சண்டை போட்டாள். தூங்கும் யானையைக் கடைசிவரை விடாமல் வைத்திருந்தாள். அதை எடுத்து ரஸ்க் டின்னில் போட்டு மூடியபோது, முதல் ராத்திரி முழுக்கச் சிரித்த சிரிப்பெல்லாம் அதோடு டின்னுக்குள் போய்விட்ட மாதிரி இருந்தது என்றாள். இத்தனையும் போனது. தவசிலிங்கம் மட்டும் போகவில்லை.

கட்டத்தில் தினமும் அதே வரி வர ஆரம்பித்தது: ‘இந்தச் சீட்டு உள்ள கட்டு ஜெயிக்காது. மூன்றாவது பானையை வை.’

நியாயம்தான். இறக்கவே முடியாத சீட்டு கையில் வந்து உட்கார்ந்தால், எதிராளி ஐந்து சீட்டில் ஆடும்போது நீ நான்கில் ஆட வேண்டும். எந்தச் சின்னப் பிள்ளையும் முதலில் எடுத்துப் போடுவது அப்படிப்பட்ட சீட்டைத்தான். பாக்கியத்தாய் கேட்கவில்லை. “நீங்க பாட்டுக்கு நில்லுங்க. நான் நாலு வச்சு ஆடிக்கிடுறேன்” என்றாள். ஆடவும் செய்தாள். அவர் கையில் வந்ததும் வலது ஓரத்தில், கட்டைவிரல் படுகிற இடத்தில் வைத்துக்கொள்வாள். வராத ஆட்டத்திலும் அந்த ஓரத்தில் வருகிற சீட்டைத் தொட மாட்டாள். அவர் எப்போது வந்தாலும் இடம் இருக்க வேண்டுமே என்று பழகிப்போன கை. ஞாயிற்றுக்கிழமைகளில் அச்சக வாசலில் நடக்கிற ஆட்டங்களில் நாலு சீட்டை வைத்துக்கொண்டு அவள் தங்க ஓரக்காரர்களைத் தோற்கடித்ததைப் பார்க்க வேறு தெருவில் இருந்தெல்லாம் ஆள் வந்தது.

ஆடி மாசம் ஒரு வேன் பிடித்துப் பதினான்கு பேர் மதுரைக்குப் போனோம். மண்டபத்தில் மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன, மேஜைக்கு மேஜை வெள்ளைத் துணி விரித்திருந்தது. எங்களிடம் புளிசாத மூட்டையும் ஒரு தண்ணீர்க் கேனும் இருந்தன. நடுவர் ஒவ்வொரு கட்டாகச் சோதித்துக்கொண்டு வந்தார். பாக்கியத்தாயின் கட்டில் தவசிலிங்கம் வந்ததும் நிறுத்தி, உற்றுப் பார்த்து, “இவர் அசையறாரே, ஆட்டக்காரரா, சீட்டா?” என்று கேட்டார். 

“சீட்டுதான் சார்.”

“உங்களுக்கு யோசனை சொல்லுவாரா?”

“சொல்லுவாக. நான் கேக்க மாட்டேன்.”

நடுவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். அசையும் சீட்டு கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

முதல் சுற்று ஜெயித்தாள். இரண்டாவது ஜெயித்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு சுற்று ஜெயித்தாள், ஒன்றில் முதல் கையிலேயே அவர் வந்துவிட்டார், அப்படியும் ஜெயித்தாள். மூன்று மணிக்கு அவள் பெயரை இறுதி ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். எதிரே கோயம்புத்தூரில் இருந்து வந்த சுகந்தன் என்ற வங்கி ஊழியர், நாற்பதில் இருபத்தெட்டு தங்க ஓரம். 

அவள் தவசிலிங்கத்தின் சீட்டை எடுத்துப் பார்த்தாள். கட்டத்தில் வழக்கமான வரி இல்லை. ‘இந்த ஒரு ஆட்டம். நான் வெட்டிய சாதாச் சீட்டு ஜெயிப்பதைப் பார்க்க வேண்டும். கும்பிட்டுக் கேட்கிறது இந்தச் சீட்டு’ என்று இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அவர் அவளிடம் ஒன்றும் கேட்டதில்லை. நின்றபடி, இரண்டு கையையும் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

எங்களோடு எபநேசர் அண்ணாச்சி வந்திருந்தார். அச்சகத்தில் முப்பது வருஷமாக மை கலக்குகிறவர், எந்த மை எந்தத் தாளில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று வாசனையிலேயே சொல்லக்கூடியவர். பாக்கியத்தாய் அவரைப் பார்த்தாள். 

“அண்ணாச்சி, வெளிய எடுத்தா என்ன போகும்?”

அவர் வாட்ச்சைப் பார்த்து, விரல் விட்டுக் கணக்குப் போட்டார். “அன்னைக்கு ஒரு பகலு ஒரு ராத்திரிக்கு ஒரு ஸ்டூலு போச்சு. இது இருவது நிமிசத்து ஆட்டம். மிஞ்சிப்போனா ஒரு சட்டைப் பொத்தான் போகும் தாயி. பொத்தான் போனா ஊக்கு குத்திக்கிடலாம்.”

நாங்கள் சிரித்தோம். அவளும் சிரித்தாள். தவசிலிங்கத்தை எடுத்துச் செல்வக்கனியின் உள்ளங்கையில் வைத்து, “பத்திரம்” என்றாள். அவர் இருந்த இடத்தில் மூன்றாவது பானையை வைத்தாள். 

ஆட்டக்காரரிடம் யாராவது பேசினால் ஆட்டம் ரத்து என்று நடுவர் அறிவித்துவிட்டு மணி அடித்தார். 

நன்றாகத்தான் தொடங்கியது. தேனீக்கள் மூன்றும் சீக்கிரமே வந்தன, அவள் சுகந்தனின் மதில்களில் நான்கை ஒவ்வொன்றாக இடித்தாள். சுகந்தன் தங்க ஓரச் சூறாவளியை இறக்கித் தேனீக்களை ஒரே அடியில் கொன்றார். அவள் ஒரு பானையை இறக்கினாள், தேனீ வந்தது, ஐந்தாவது மதில் விழுந்தது. அவர் மறுபடி கொன்றார், அவள் இரண்டாவது பானையை இறக்கினாள், ஆறாவது மதில் விழுந்தது, அவர் அந்தத் தேனீக்களையும் கொன்றார். இன்னும் ஒரே ஒரு மதில். மூன்றாவது பானை வந்தால் முடிந்தது. நாங்கள் எட்டி எட்டிப் பார்த்தோம், பானை இறங்கவில்லை. வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தோம். இருபது நிமிஷம் ஆனது, நாற்பது ஆனது. அவள் நான்கு சீட்டை மாற்றி மாற்றி இறக்கி மதிலைக் காத்துக்கொண்டே இருந்தாள், சீட்டை எடுத்துக்கொண்டே இருந்தாள்.

செல்வக்கனிதான் முதலில் பார்த்தாள். பொத்தான் போகவில்லை. மெஷினே போயிருந்தது. பாக்கியத்தாய் கட்டிலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுக்க எடுக்க, இங்கே உள்ளங்கையில் அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தார். செருப்பு போனது, வேட்டி போனது, காக்கிச் சட்டையின் கை போனது. எபநேசர் அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். சும்மா நிற்கிற மெஷினில் மை காய நாளாகும், ஓடுகிற மெஷின் மையைக் குடிக்கும். அன்றைக்கு அலமாரியில் இருந்தபோது கட்டு சும்மா கிடந்தது, இன்றைக்குக் கட்டு ஓடுகிறது. முப்பது வருஷம் தினமும் பார்த்த விஷயம், அந்த ஒரு நிமிஷத்தில் அவருக்கு நினைவில்லை.

செல்வக்கனி எழுந்துவிட்டாள். மதினி என்று கத்த வாயைத் திறந்தவள், கையில் இருந்ததைப் பார்த்து அப்படியே நின்றாள். நெஞ்சுவரைக்கும் போய்விட்ட தவசிலிங்கம் ஒரு விரலை உதட்டில் வைத்திருந்தார். கட்டத்தில் புதிதாக ஒரு வரி: ‘ஆட்டம் நடக்கும்போது இந்தச் சீட்டு பேசாது. யாரும் பேச வேண்டாம்.’ 

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் பதின்மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. போட்டியாவது ஒன்றாவது என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் அவர் மிஞ்சியிருப்பார். அந்தச் சத்தத்தை ஏன் போடவில்லை என்று இன்றைக்கும் எங்களுக்குள் யாரும் யாரையும் கேட்பதில்லை. 

ஒன்றரை மணி நேரம் கழித்துப் பாக்கியத்தாயின் ஏழாவது மதில் விழுந்தது. சுகந்தன் எழுந்து கும்பிட்டார். கையில் மிஞ்சியதை மேஜையில் பிரித்து வைப்பது அங்கே வழக்கம், அவள் வைத்தாள். வலது ஓரத்தில், கட்டைவிரல் படுகிற இடத்தில், மூன்றாவது பானை இருந்தது. 

சுகந்தன் அதைப் பார்த்துத் திகைத்துப்போனார். “ஏனுங்க, இந்தப் பானை எப்ப வந்துதுங்க?”

“மொதக் கையிலயே வந்துருச்சு.”

“அப்புறம் ஏனுங்க எறக்கல? இத எறக்கியிருந்தீங்கன்னா ஒரு மணி நேரத்துக்கு முன்னாலயே நீங்க ஜெயிச்சிருப்பீங்களே.”

அவள் அந்தச் சீட்டை அப்போதுதான் பார்க்கிற மாதிரி பார்த்தாள். வலது கட்டைவிரலை எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

“அது அவுக எடம்ல” என்றாள்.

பிறகு திரும்பிச் செல்வக்கனியைத் தேடினாள். செல்வக்கனி கையை நீட்டினாள். உள்ளங்கையில் நான்கு மூலையும் சீராக வெட்டிய ஒரு வெள்ளைத் தாள் இருந்தது, கட்டத்தில்கூட எழுத்து இல்லை. பாக்கியத்தாய் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள், மறுபடி இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். இரண்டாவது பரிசு வாங்க மேடைக்குக் கூப்பிட்டார்கள், அவளுக்குக் கேட்கவில்லை.

திரும்பி வேனில் ஏறினோம். எபநேசர் அண்ணாச்சி கடைசி இருக்கையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டு வந்தார். அவள் தலையில் காலையில் வைத்த பூ வாடிப்போய் இருந்தது, அதைப் பற்றிச் சொல்லும் துணிச்சல் எங்களில் ஒருத்திக்கும் வரவில்லை. திருமங்கலம் தாண்டியதும் அவள் மடியில் கட்டைப் பிரித்தாள். மூன்றாவது பானையை எடுத்து வெளியே வைத்தாள். வெள்ளைத் தாளை அந்த இடத்தில் செருகினாள்.

“மதினி,” என்றாள் செல்வக்கனி, “அதுல ஒண்ணுமில்ல மதினி.”

“இருந்தாக” என்றாள் பாக்கியத்தாய்.

குலுக்கித் தனக்கு ஐந்து சீட்டுப் போட்டுப் பார்த்தாள். இல்லை. சேர்த்துக் குலுக்கி மறுபடி ஐந்து போட்டாள். இல்லை. வெயில் சாய்ந்து வேனுக்குள் மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது, கள்ளிக்குடி போனது, விருதுநகர் போனது, அவள் குலுக்கிப் போடுவதும் சேர்ப்பதுமாகவே வந்தாள். சிவகாசி ரயில்வே கேட் மூடியிருந்ததால் வேன் நின்றது. அப்போது வெள்ளைச் சீட்டு கையில் வந்தது. அதை வலது ஓரத்துக்கு நகர்த்திக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டாள், அதற்குப் பிறகு குலுக்கவில்லை.